தேநீர் நிறத் தண்ணீரில் வாழ்ந்த மீன்

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் டென்மார்க் தேசத்துக்காரர் ஒருவர் மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மணி, மீன்கள் நலமா?" என்று கேட்டார்.

மலாயா சுதந்திரம் அடைந்து இந்த மாதத்தோடு ஐந்து வருஷம். தெருவெங்கும் கொடி. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த சிட்டித் தமிழர் வம்சத்து எதிர்வீட்டு அம்மாள் ஒரு மூங்கில் கழியில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவர், என்னைத் தேடி ஒரு வெள்ளைக்காரர் வந்திருப்பதைக் கண்டு கட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு வந்தவரைப் பார்த்த உடனேயே அடையாளம் தெரிந்துவிட்டது. உலகத்து ஆறு, குளம், சதுப்பு எல்லாவற்றிலும் என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம் இந்த வழியாகப் போனபோது நான் வேலை பார்த்த மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். என் கண்ணாடித் தொட்டிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். இந்த மீனுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்று நினைக்கிறேன், இதைக் கைவிட்டுவிடாதீர்கள், நான் திரும்பி வருவேன் என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. இவர் வந்துவிட்டார்.

"மீன்கள் இல்லை," என்றேன்.

"எத்தனை இருக்கின்றன?" என்றார். என் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவில்லை.

"ஒன்றுகூட இல்லை."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாராவது செத்துப்போனால்தான் அப்படிச் செய்வார்கள். பிறகு, "சதுப்பு இருக்குமே? என்னிடம் கார் இருக்கிறது," என்றார்.

கார் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மகள் பத்மா தலைவாரிக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள். பதினான்கு வயது. பள்ளி விடுமுறை. "நானும் வரேன்," என்றாள்.

ஊரில் என் தங்கைகளும் பழைய தோழிகளும் என்னை இன்னமும் "மலாயாவில் விஞ்ஞானியாக இருப்பவள்" என்று பிறரிடம் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

சென்னையில் நான் விலங்கியல் படித்தபோது எங்களைச் செங்குன்றம் ஏரிக்கு அழைத்துப்போனார்கள். ஆண் மாணவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். பெண்களைக் கரையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அவர்கள் பிடித்துத் தரும் மீனை நாங்கள் வரைய வேண்டும். நானும் இறங்குகிறேன் என்றேன். பேராசிரியர் எல்லாருக்கும் கேட்கும்படி, "தாராளமாக இறங்கு. நனைந்த புடவையோடு நீ கரையேறும்போது இவர்களில் ஒருவனும் மீனைப் பார்க்கமாட்டான்," என்றார். ஏரி முழுக்கச் சிரிப்பு. அன்று நான் வரைந்த கெண்டை மீன் படத்துக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

பட்டம் வாங்கியதும் நன்னீர் மீன் ஆராய்ச்சி வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. மாப்பிள்ளை வந்தார்.

அவர் பெயர் சண்முகம். மலாக்காவில் ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கிராணி. ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே கிராணி என்பார்கள். என் கணவர் கெட்டவர் அல்ல. எதைப் பார்த்தாலும் வேடிக்கையாகப் பேசுகிறவர். அது சில சமயம் கெட்டவராக இருப்பதைவிட மோசம்.

பத்மா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஊருக்கு வெளியே இருந்த அந்த நிலையத்தில் ஆள் தேவை என்று தெரிந்து போய்ப் பார்த்தேன். தலைமை அதிகாரி ஓர் ஆங்கிலேயர். எல்லாரும் துரை என்பார்கள். மைக்ராஸ்கோப் பார்க்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். மறுநாளே வரச்சொன்னார். தினக்கூலி. சம்பளப் பட்டியலில் குளம் வெட்டுகிறவர்களின் பெயர்களுக்குக் கீழே என் பெயரும், அதன் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்ற எழுத்துகளும் இருந்தன. யாரோ அந்த எழுத்துகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு மீனை வரைந்து வைத்திருந்தார்கள்.

கணவரின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நான் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியது இந்த மண்ணில்தான். ரப்பர் தோட்டத்தைத் தாண்டி ஒரு சதுப்பு. இலைகள் உதிர்ந்து ஊறி ஊறி அதன் தண்ணீர் பால் விடாத தேநீர்போல இருக்கும். சதுப்பை மலாயில் பாயா என்பார்கள். "நாளைக்குப் பாயாவுக்குப் போகணும்," என்று சொன்னால், "யார் கடையில?" என்பார் என் கணவர். தெரிந்தேதான் கேட்பார். ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

அந்தச் சதுப்பில்தான் அந்த மீன் கிடைத்தது. நடுவிரல் நீளம். காய்ந்த இலையின் நிறம். வாலின் ஓரத்தில் மட்டும் குங்குமத்தைத் தொட்டு வைத்ததுபோல ஒரு சிவப்பு. பெண் மீன் முட்டையிட்டதும் ஆண் மீன் அவற்றை வாயில் எடுத்து வைத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்து அவை தானாக நீந்தும்வரை அது எதுவும் தின்னாது. இதை வீட்டில் சொன்னேன்.

"ஆம்பள மீனா?"

"ஆமாங்க."

"பட்டினியாவா?"

"ஆமாம்."

"வெளியில சொல்லிடாத நாயகி. மலாக்கால ஒருத்தனும் கல்யாணம் கட்டமாட்டான்."

3

துரை எனக்கு இரண்டு கண்ணாடித் தொட்டிகள் கொடுத்தார். குழாய்த் தண்ணீரில் அந்த மீன்கள் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னில் சதுப்புத் தண்ணீரை மொண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழிப்பான். பல மாதம் செத்தவற்றை எடுத்தெறிவதே என் வேலையாக இருந்தது. செத்ததில் நல்லதாகச் சிலவற்றைப் பொறுக்கி கெட்டுப்போகாமலிருக்க இரண்டு போத்தல்களில் மருந்தில் போட்டு வைத்தேன். பிறகு ஒரு நாள் ஓர் ஆண் மீனின் தாடை உப்பியிருந்தது. அதற்குப் பிறகு அவை பெருகின.

அந்த வருஷமே சதுப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். வேறு சதுப்புகளில் தேடினேன். நான் தேடிய இடங்களில் அந்த மீன் இல்லை. தொட்டியில் இருப்பவைதான் மிச்சம் என்று ஆனது.

துரைக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ராஜமாணிக்கம். இங்கேயே தோட்டத்தில் பிறந்தவர். சீனத்துக் கெண்டையையும் ஆப்பிரிக்கத் திலாப்பியாவையும் குளங்களில் பெருக்கி, தோட்டம் தோட்டமாகக் குஞ்சு கொண்டுபோய்க் கொடுப்பதில் அவருக்கு இணை கிடையாது. ஒரு நாள் என் தொட்டிகளின் முன்னால் வந்து நின்றார்.

"மிஸஸ் சண்முகம், இது எம்மாம் பெருசா வளரும்?"

"இவ்வளவுதாங்க சார்."

"திங்கலாமா?"

"முடியாது."

"விக்கலாமா?"

"தெரியல."

"அப்பறம் என்னாத்துக்கு?"

"இது வேற எங்கயும் இல்லைங்க."

அவர் கோபப்படவில்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "சப்பான்காரன் காலத்துல என் தம்பிங்க ரெண்டு பேரும் மரவள்ளிக்கெழங்கு தின்னு வயிறு வீங்கிச் செத்தானுங்க. அவனுங்க மாதிரியும் வேற எங்கயும் இல்ல. அவனுங்களுக்கு எவனும் கண்ணாடித் தொட்டி வைக்கல. நீங்க ஊர்ல வயிறு நெறஞ்சு படிச்சவங்க. ஒங்களுக்கு இதெல்லாம் தோணும்."

இன்றைக்கும் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. அவர் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

என் வேலை என்ன என்று தங்கைக்கு எழுதியபோது, அழிந்துபோகிற உயிர்களைப் பாதுகாக்கும் வேலை என்று எழுதினேன். பாதுகாப்பு என்றதும் அவள் பட்டாளம் என்று எடுத்துக்கொண்டாள். மலாயாவில்தான் காட்டுக்குள் சண்டை நடக்கிறதே, உனக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதியிருந்தாள். அதற்குமேல் விளக்க எனக்குத் தமிழ் போதவில்லை.

பத்மாவுக்கும் தமிழ் போதாமல் போய்க்கொண்டிருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் எதிர்வீட்டுச் சிட்டி அம்மாளிடம் இருப்பாள். அத்தை என்பதுபோல, பீபிக் என்று கூப்பிடுவாள். அந்த வீட்டில் நெற்றி நிறைய விபூதி, மாரியம்மனுக்கு விளக்கு, பேச்சு மட்டும் மலாய். நான் இருட்டிய பிறகு போய்க் கூப்பிட்டால், சோறு தின்ற வாயோடு, "நந்தி டூலு" என்பாள். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். பள்ளியில் அவளை அனாக் ஈக்கான் பூசுக் என்று கூப்பிடுவதாகப் பீபிக்தான் என்னிடம் சொன்னார். நாறிய மீனின் பிள்ளை. பத்மா என்னிடம் சொல்லவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை. இரண்டு சோப்புக்கட்டி வாங்கி வைத்தேன்.

4

சுதந்திர வாரத்தில் திடலில் பெரிய கண்காட்சி. துரை ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ராஜமாணிக்கம்தான் இப்போது தலைவர். நிலையத்துக்கும் ஒரு கொட்டகை கொடுத்திருந்தார்கள். நான் பெண்டஹாரா தெருவில் வாங்கிய புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே திடலுக்குப் போய்விட்டேன். வருகிற பெரிய மனிதர்களுக்கு ஆங்கிலத்தில் கெண்டை மீனைப் பற்றி எடுத்துச்சொல்வது எனக்கு இட்ட வேலை.

முற்பகலில் கொட்டகையின் மறுகோடியில் பிள்ளைகள் கை தட்டும் சத்தம் கேட்டது. அங்கே ஒரு பெரிய தொட்டியில் தோமான் மீனை விட்டிருந்தார்கள். ஊரில் விரால் என்போமே, அந்தச் சாதியில் ராட்சசன். அதற்கு இரை போடுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பீபிக்கோடு வந்திருந்த பத்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். முழங்கைவரை நனைந்திருந்தாள்.

"ம்மா, நான்தான் தோமானுக்குச் சாப்பாடு போட்டேன்! அங்கிள் என்கிட்டதான் வாளியக் குடுத்தாரு! குட்டி மீனும்மா, வால் செவப்பா இருக்குமே, அதுங்கதான். ஒண்ணோட வாயிலேர்ந்து இத்துனூண்டு குஞ்சு நெறைய வந்துச்சு. தோமான் அதையும் தின்னுடுச்சு!"

நான் போய்ப் பார்த்தேன். தோமான் அடியில் அசையாமல் கிடந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. என் இரண்டு தொட்டிகளும் பக்கத்திலேயே மேசைமேல் இருந்தன. கழுவித் துடைத்து, தொட்டிக்கு ஒரு தங்கநிறக் கெண்டையை விட்டிருந்தார்கள்.

ராஜமாணிக்கம் என்னைப் பார்த்ததும் தானாகவே வந்தார். "தொட்டி பத்தல. ஒங்ககிட்ட கேட்டா விடமாட்டீங்க. அதான் கேக்கல," என்றார். பிறகு, "மந்திரி வராரு. மொகத்தத் தொடச்சிக்குங்க," என்றார்.

துடைத்துக்கொண்டேன். மந்திரிக்குக் கெண்டையைப் பற்றிச் சொன்னேன். அது எத்தனை வேகமாக வளரும், எத்தனை குடும்பங்களுக்கு உணவாகும் என்று சொன்னேன். நன்றாகச் சொன்னதாக அவர் பாராட்டினார். பத்மா பக்கத்தில் நின்று ஒரு காகிதக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். எனக்குக்கூட ஒரு நம்பிக்கை வந்தது. "விடு," என்றார். "தோமானாவது நல்லாப் பசியாறியிருக்கும்."

5

அடுத்த வருஷம் நிலையத்தில் ஆராய்ச்சி உதவியாளர் என்று ஒரு நிரந்தர வேலை உண்டாக்கினார்கள். ஓய்வூதியம் உண்டு. நான் விண்ணப்பித்தேன். ராஜமாணிக்கமே கையெழுத்திட்டு அனுப்பினார். அவருக்கு என்மேல் பகை எதுவும் கிடையாது.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் குடியுரிமைத் தாள் எங்கே என்றார்கள். விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை என்றேன். சரி, தேசிய மொழியில் கொஞ்சம் பேசலாம் என்றார் நடுவில் இருந்த மலாய் அதிகாரி. தங்கமான மனிதர். என்னைச் சிரமப்படுத்தக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். இத்தனை நாள் என்ன வேலை செய்தீர்கள்? சின்ன மீன் வளர்த்தேன் என்றேன். என்ன மீன்? பாயாவில் இருக்கும் மீன், வேறு எங்கும் இல்லை. சாப்பிடலாமா? சாப்பிட முடியாது. பிறகு எதற்கு?

ராஜமாணிக்கம் கேட்ட அதே கேள்வி. தமிழிலேயே பதில் இல்லாத எனக்கு மலாயில் எங்கிருந்து வரும்? அவர் இரங்கி வேறு கேள்வி கேட்டார். அந்த மீன்கள் இப்போது எங்கே?

வேறொரு மீன் தின்றுவிட்டது என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "சுடா ஹாபிஸ் டிமாக்கான்." சாப்பிட்டுத் தீர்ந்துவிட்டது.

"அப்படியானால் சாப்பிடலாம்தானே!" என்றார் அதிகாரி.

மூன்று பேரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. நல்ல மனிதர்கள் நல்ல நகைச்சுவைக்குச் சிரிக்கிற சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். வேலைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பையன் வந்தான். வந்த முதல் வாரத்தில் கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் வித்தியாசம் சொல்லித் தரும்படி என்னிடம்தான் அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் குடியுரிமைத் தாளும் வந்தது. அந்த வகுப்பு, இந்த வகுப்பு என்று பல வகுப்புகள் வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது குடிமகனின் மனைவி என்ற வகுப்பில். தாளைக் கொடுத்த கிராணி வாழ்த்துச் சொன்னான். நிலையத்தில் தினக்கூலிப் பட்டியலைச் சுருக்கியபோது நான் நின்றுவிட்டேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்துகிறேன். கொசு, ஈ, கொக்கிப்புழு. எவற்றை எப்படி ஒழிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

6

செவ்வாய்க்கிழமை டென்மார்க்காரரை முதலில் சதுப்புக்கு அழைத்துப்போனேன். அங்கே வரிசையாகப் புதுவீடுகள் எழும்பியிருந்தன. ஒரு வீட்டு வாசலில் குழந்தை ஒன்று சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டிருந்தது. அவர் காரைவிட்டு இறங்கவில்லை. பின்னிருக்கையில் பத்மா கண்ணாடியை இறக்கி ஏற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஒன்றையாவது மருந்தில் போட்டு வைத்தீர்களா?" என்று கேட்டார்.

அந்த இரண்டு போத்தல்களை நான் மறக்கவில்லை. இருக்கும் என்று நம்பவும் இல்லை. நிலையத்துக்குப் போனோம்.

ராஜமாணிக்கத்துக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க மிஸஸ் சண்முகம், பசியாறியாச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அலமாரியைத் திறந்து மேல்தட்டிலிருந்து இரண்டு போத்தல்களையும் எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். வருஷாவருஷம் மருந்து மாற்றியிருக்கிறார். "நீங்க வச்சது. நான் எறியல," என்றார்.

டென்மார்க்காரர் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே மீன்கள் வேகவைத்த வெங்காயம்போல வெளுத்திருந்தன. வாலில் சிவப்பு இல்லை. எனக்கு அவற்றை அடையாளமே தெரியவில்லை. அவர் முகமோ மலர்ந்துவிட்டது. துடுப்பு முட்களை எண்ணினார். "அருமை! அருமையாக இருக்கின்றன. அம்மணி, எதுவுமே வீணாகவில்லை!" என்றார். உயிரோடு இருந்தவை என்னவாயின என்று அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்து கேட்டார். "கண்காட்சியில் இறந்துவிட்டன," என்றேன். பாவம் என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்.

ராஜமாணிக்கம் பத்மாவைப் பார்த்தார். அவருக்கு என்னவோ சங்கடம். என்னிடம் தமிழில் சொன்னார், "அன்னிக்கு நான் பிள்ள கையில வாளியக் குடுத்திருக்கக்கூடாது. சின்னப் பிள்ள. தெரியாம போட்டுடுச்சு."

"தெரியும்," என்றாள் பத்மா.

அவர் சிரிக்கப் பார்த்தார். "என்னா தெரியும்?"

"அம்மா மீனுன்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். வேற பையன் கேட்டான், அங்கிள். நான்தான் வாளியக் குடுக்கல."

அவள் என் பக்கம் திரும்பினாள். இத்தனை தமிழ் அவளிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அதுங்க போயிட்டா நீங்க வீட்ல இருப்பீங்கன்னு நெனச்சேம்மா. ஆனா நீங்க அதுக்கப்பறமும் இல்ல. ஸ்கூல் விட்டு வரீங்க, ஒக்காந்திருக்கீங்க. இருந்தும் இல்ல. வீணாத்தான் போட்டுட்டேன்."

அழவில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து விடையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ராஜமாணிக்கம் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

டென்மார்க்காரர் எண்ணி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். தமிழ் தெரியாத மனிதர், சந்தோஷத்தில் இருந்தார். இது புதிய இனம்தான், தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். ஊருக்குப் போனதும் எழுதி வெளியிடுவார். கண்டுபிடித்தவரின் பெயரை வைப்பது வழக்கம். அந்தப் பெயரை இனி யாரும் மாற்ற முடியாது; மீன்களைப் படிக்கிறவர்கள் இருக்கும்வரை அது இருக்கும். பேனாவைத் திறந்தார். "உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அம்மணி. பிழையில்லாமல் எழுத வேண்டும்."

செங்குன்றம் ஏரிக்கரையில் பாயில் உட்கார்ந்து படம் வரைந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது.

"என் பெயர் வேண்டாம்," என்றேன். "என் மகளின் பெயரை வையுங்கள். பத்மா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்மை என்று ஏதோ சொன்னார். நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பி. ஏ. டி.

"வேணாம்மா," என்றாள் பத்மா.

எம்.

"ம்மா, வேணாம்னு சொல்லுங்கம்மா." என் கையைப் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ராஜமாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டென்மார்க்காரர் பேனாவை நிறுத்தினார். "என்ன சொல்கிறாள்?"

"கூச்சப்படுகிறாள்," என்றேன். "கடைசி எழுத்து ஏ."